பேரண்டத்தின் அதிர்வும் பொதுப் பணமும்

2015 செப்டம்பர் 14 அன்று, இந்திய நேரப்படி பிற்பகல் 3.20 மணி அளவில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள லிவிங்ஸ்டன் என்னும் ஊரில் ஒரு கருவி, விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே நீடித்த ஓர் அதிர்வைப் பதிவு செய்தது. ஏழு மில்லி விநாடிகள் கழித்து, ஏறத்தாழ 3,000 கி.மீ. தொலைவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் உள்ள அதன் இணைக் கருவியும் அதே அதிர்வைப் பதிவு செய்தது. சூரியனைப்போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி இணைந்ததன் விளைவு அது. நம்மிடமிருந்து 130 கோடி ஒளியாண்டு தொலைவில் அந்த இணைப்பு நிகழ்ந்தது. ஐன்ஸ்டைன் 1916-இல் கணித்துச் சொன்ன ஈர்ப்பு அலைகள், நூறாண்டு கழித்து முதன்முதலாக நேரடியாக உணரப்பட்டன.

அந்த நிகழ்வுக்கு 2025-இல் பத்தாண்டு நிறைந்தது. லைகோ எனப்படும் அந்தக் கருவிக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவரான ரெய்னர் வைஸ், பத்தாண்டு நிறைவுக்குச் சில வாரங்களுக்கு முன் 2025 ஆகஸ்டில் தமது 92-ஆவது வயதில் காலமானார். அதே ஆண்டில், அமெரிக்க அதிபரின் நிதிநிலைப் பரிந்துரை, இரு லைகோ நிலையங்களுள் ஒன்றை மூடிவிடலாம் என்றது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்திலோ மூன்றாவது லைகோ நிலையத்தை அமைக்கும் பொறுப்பை இந்தியா ஏற்றிருக்கிறது. அதற்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒதுக்கிய தொகை ரூ.2,600 கோடி.

ஒரு நாடு விலகிக்கொள்ள எண்ணும் துறையில் மற்றொரு நாடு நுழைவது சரியா? உடனடிப் பயன் எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆய்வுக்கு வளரும் நாடு பொதுப் பணத்தைச் செலவிடலாமா? இவை நியாயமான கேள்விகள். பொருளியல் நோக்கில் இவற்றை ஆராய்ந்தால், ரூ.2,600 கோடி பெரிய தொகையா என்பது இரண்டாவது கேள்வியாகிவிடும். உரிய காலத்தில் அதைச் செலவிடுகிறோமா என்பதே முதற்கேள்வியாக எழும். அதை விளங்கிக்கொள்ள, இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை முதலில் காண வேண்டும்.

நியூட்டனின் பார்வையில் ஈர்ப்பு என்பது இரு பொருள்களுக்கிடையே உள்ள விசை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டிலோ, பொருள்கள் தம்மைச் சூழ்ந்த காலவெளியை வளைக்கின்றன. அந்த வளைவையே நாம் ஈர்ப்பாக உணர்கிறோம். பெருநிறை கொண்ட பொருள்கள் ஒன்றையொன்று வேகமாகச் சுற்றும்போது அந்த வளைவு நிலையாக இராமல் அலையாகப் பரவும். அது ஒளியின் வேகத்தில் செல்லும். கடந்து போகும் வழியில் ஒரு திசையில் வெளியை நீட்டும். அதற்குச் செங்குத்தான திசையில் குறுக்கும். மறுகணம் இது தலைகீழாகும். நம் உடலையும் இத்தகைய அலைகள் இடையறாது கடந்து செல்கின்றன. அவை அவ்வளவு நுண்ணியவை என்பதால் நாம் உணர்வதில்லை.

எவ்வளவு நுண்ணியவை? 2015-இல் வந்த அலை, நான்கு கி.மீ. நீளத்தில் ஏற்படுத்திய மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்கு. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் வரையிலான தூரத்தை, ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த பிழையுடன் அளப்பதற்கு இது ஒப்பாகும். இத்தகைய அலைகள் உண்மையில் உள்ளனவா என்று ஐன்ஸ்டைனே 1936-இல் ஐயுற்றார் என்பதில் வியப்பில்லை. 1974-இல் ஹல்ஸ், டெய்லர் என்னும் இருவர் கண்டறிந்த இரட்டை நியூட்ரான் விண்மீன்களின் சுற்றுப்பாதை, கோட்பாடு சொன்ன அளவிலேயே சுருங்கி வந்தது. அலைகள் ஆற்றலை எடுத்துச் செல்கின்றன என்பதற்கு அது மறைமுகச் சான்றாயிற்று. 1993-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நேரடிச் சான்றுக்கு மேலும் இரு பதிற்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

லைகோவின் அடிப்படைத் தத்துவம் எளியது. ஆங்கில எழுத்து 'எல்' வடிவில், ஒவ்வொன்றும் நான்கு கி.மீ. நீளமுள்ள இரண்டு குழாய்கள். அவை சந்திக்கும் மூலையில் ஒரு லேசர் ஒளிக்கற்றை இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் அனுப்பப்படுகிறது. குழாய்களின் முனையில் உள்ள ஆடிகளில் பட்டுத் திரும்பும் இரு கற்றைகளும் மீண்டும் மூலையில் இணைகின்றன. இரு வழிகளின் நீளமும் மாறாதிருந்தால், ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தில் பொருந்தி ஒளி அணைந்துவிடும்படி கருவி ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். ஈர்ப்பு அலை வந்து ஒரு கையை நீட்டி மறு கையைக் குறுக்கினால் அந்தப் பொருத்தம் குலையும். இருண்டிருந்த இடத்தில் ஒளி தோன்றும். அந்த ஒளியின் ஏற்ற இறக்கமே அலையின் பதிவு.

தத்துவம் எளிது, நிறைவேற்றம் கடினம். ஒளி ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஏறத்தாழ 300 முறை சென்று திரும்புவதால், நான்கு கி.மீ. நீளம் 1,200 கி.மீ. போலச் செயற்படுகிறது. காற்று மூலக்கூறுகள் ஒளியைக் குலைக்காதிருக்க, குழாய்க்குள் வளிமண்டல அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவே உள்ள வெற்றிடம் நிலைநிறுத்தப்படுகிறது. நாற்பது கிலோ எடையுள்ள தூய சிலிக்கா ஆடிகள், அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய கண்ணாடி இழைகளில், நான்கு அடுக்கு ஊசலாகத் தொங்குகின்றன. தொலைவில் செல்லும் சரக்கு வாகனம், கரையில் மோதும் கடலலை, மரங்களை அசைக்கும் காற்று என எல்லாவற்றின் அதிர்வும் அந்த ஆடிகளை எட்டாமல் தடுக்கப்பட வேண்டும்.

அப்படியும் எஞ்சும் இரைச்சலிலிருந்து உண்மையான குறியைப் பிரித்தெடுப்பது அடுத்த பணி. விலைவாசிப் புள்ளிவிவரங்களில் பருவகால ஏற்ற இறக்கத்தை நீக்கி உண்மையான போக்கைக் காண முயலும் பொருளியலாளருக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. எத்தகைய கருந்துளைகள் எத்தகைய அலையை எழுப்பும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த வடிவங்களைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இங்குக் கையாளப்படும் முறை. திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவிலும், ராகம் தெரிந்த காது நாகசுரத்தின் ஓர் இழையைப் பற்றிக்கொள்வதுபோல. அப்படிக் கண்டதும்கூடப் போதாது. தொலைவில் உள்ள மற்றொரு கருவியிலும் அதே வடிவம், ஒளிவேகம் அனுமதிக்கும் இடைவெளிக்குள் பதிவாகியிருந்தால்தான் அது நம்பத்தக்கது.

இந்தக் கணக்கீட்டில் இந்தியரின் பங்கு சிறியதன்று. இணைந்து உருவான கருந்துளை, தட்டப்பட்ட மணியைப் போலத் தனக்கே உரிய அதிர்வெண்ணில் ஒலித்து அடங்கும் என்பதை 1970-இலேயே காட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த சி.வி.விஸ்வேஷ்வரா. வடிவங்களை ஒப்பிட்டுக் குறியைத் தேடும் முறையை இத்துறைக்கு வகுத்தவர்களுள் சஞ்சீவ் துரந்தரும் பி.எஸ்.சத்யபிரகாஷும் முன்னோடிகள். சுற்றும் இரட்டைப் பொருள்கள் எழுப்பும் அலையைத் துல்லியமாகக் கணித்தவர்களுள் பாலா ஐயர் ஒருவர். 2016 பிப்ரவரியில் வெளியான கண்டுபிடிப்புக் கட்டுரையில் இடம்பெற்ற இந்திய நிறுவனங்களுள் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனமும் ஒன்று. கோட்பாட்டிலும் கணக்கீட்டிலும் நமக்கு இடம் இருந்தது. கருவி மட்டும் நம் மண்ணில் இல்லை.

இனி, லைகோ உருவான நிதி வரலாற்றுக்கு வருவோம். ரெய்னர் வைஸ் இக்கருவியின் திட்ட வரைவை எழுதியது 1972-இல். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிர்வாகக் குழு இதற்கு ஒப்புதல் தந்தது 1990-இல். இத்தொகை தங்கள் தொலைநோக்கிகளுக்கான நிதியை விழுங்கிவிடும் என்று வானியலாளர்கள் பலரே எதிர்த்தனர். நிலையங்கள் கட்டப்பட்டு 2002 முதல் 2010 வரை இயங்கின. அந்த எட்டு ஆண்டுகளில் ஓர் அலைகூடச் சிக்கவில்லை.

தணிக்கையாளரின் கண்ணோட்டத்தில் அது முழுத் தோல்வி. ஆனால், முதற்கட்டக் கருவி தொழில்நுட்பத்தை நிலைநாட்டவே அமைக்கப்பட்டது என்பதும், அலையைக் காண அதனினும் கூர்மையான கருவி தேவைப்படலாம் என்பதும் தொடக்கத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தன. எனவே, முதற்கட்டம் ஓர் அலையையும் காணாத நிலையிலேயே, 2008-இல் மேம்படுத்தலுக்கான நிதி வழங்கப்பட்டது. அந்த மேம்பட்ட கருவி, முறையான ஆய்வுத் தொடர் தொடங்கும் முன்பே 2015-இல் முதல் அலையைப் பிடித்தது. 2016 வரை ஆன மொத்தச் செலவு நூறு கோடி டாலருக்குச் சற்று மேல்.

இதே நாட்டில் எதிர்மாறான உதாரணமும் உண்டு. டெக்சாஸில் தொடங்கப்பட்ட மாபெரும் துகள் மோதல் கருவித் திட்டத்தை, ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவழித்த பிறகு 1993-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கைவிட்டது. ஹிக்ஸ் துகள் 2012-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. அடிப்படை ஆய்வில் பாதி வழியில் நிறுத்தப்படும் திட்டத்திலிருந்து பாதிப் பயன் கிடைப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றும் கிடைப்பதில்லை.

இப்போது மீண்டும் அந்த நாட்டில் அதே கேள்வி எழுந்திருக்கிறது. 2026 நிதியாண்டுக்கான அதிபரின் பரிந்துரையில், அறிவியல் அறக்கட்டளையின் நிதியைப் பாதிக்கும் மேல் குறைக்கவும், லைகோவின் ஆண்டுச் செலவை ஏறத்தாழ 40 விழுக்காடு வெட்டி ஒரே நிலையத்தை மட்டும் இயக்கவும் யோசனை கூறப்பட்டது. அறக்கட்டளை நிதியில் அவ்வளவு பெரிய வெட்டை ஏற்க அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் முன்வரவில்லை. எனினும், இத்தகைய யோசனை ஓர் அரசின் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் இடம்பெற முடிந்தது என்பதே கவலைக்குரியது. இரண்டில் ஒன்றை மூடினால் பாதிப் பயனாவது எஞ்சும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. அது பிழையான கணக்கு.

ஏன் என்பதற்கு மூன்று நிகழ்வுகளே போதும். ஒரு கருவியால் அலை வந்த திசையைச் சொல்ல இயலாது. பல கருவிகளில் அலை பதிவாகும் நேர வேறுபாட்டைக் கொண்டே திசை அறியப்படுகிறது. 2017 ஆகஸ்ட் 14 அன்று வந்த அலைக்கு, இரு லைகோ கருவிகளை மட்டும் கொண்டு உடனடியாகக் கணித்தபோது, மூலம் வானில் 1,160 சதுர பாகைப் பரப்பில் எங்கேனும் இருக்கலாம் எனத் தெரிந்தது. இத்தாலியின் பைசா நகருக்கு அருகிலுள்ள விர்கோ கருவியின் பதிவையும் சேர்த்தவுடன் அந்தப் பரப்பு 60 சதுர பாகையாகச் சுருங்கியது. ஒரு கருவி கூடியதால் தேட வேண்டிய பரப்பு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காயிற்று.

மூன்றே நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று, இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்த அலை வந்தது. மூன்று கருவிகள் இயங்கியதால் மூலத்தின் இருப்பிடம் 28 சதுர பாகைக்குள் குறிக்கப்பட்டது. சில மணி நேரத்தில் தொலைநோக்கிகள் 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓர் அண்டத்தில் அந்த ஒளிப்பிழம்பைக் கண்டுகொண்டன. ஏறத்தாழ 70 ஆய்வகங்கள் அதை ஆராய்ந்தன. தங்கம், பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு அப்போது வலுவான சான்று கிடைத்தது. நம் வீட்டுப் பெண்களின் கழுத்திலுள்ள தங்கத்தின் பிறப்பு பற்றிய செய்தி அது. ஈர்ப்பு அலையும் காமா கதிரும் ஏறத்தாழ இரண்டு விநாடிக்குள் ஒன்றையடுத்து ஒன்று வந்து சேர்ந்ததால், ஈர்ப்பு அலை ஒளியின் வேகத்திலேயே செல்கிறது என்பதும் உறுதியாயிற்று.

மூன்றாவது நிகழ்வு இதற்கு நேர்மாறானது. 2019 ஏப்ரல் 25 அன்றும் நியூட்ரான் விண்மீன்களின் இணைப்பு எனக் கருதப்படும் அலை வந்தது. அந்நேரத்தில் ஹான்ஃபோர்டு கருவி இயக்கத்தில் இல்லை. லிவிங்ஸ்டன் மட்டுமே தெளிவாகப் பதிவு செய்தது. மூலம் இருக்கக்கூடிய பரப்பு 8,000 சதுர பாகைக்கும் மேல். அதாவது முழு வானில் ஐந்தில் ஒரு பங்கு. தொலைநோக்கிகள் தேடின, அலையோடு உறுதியாகப் பொருத்தக்கூடிய ஒளி எதுவும் அகப்படவில்லை. இரண்டு கருவிகளுள் ஒன்று இல்லாதபோது இழப்பு பாதியாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பொருளியலில் இதை இறுதிநிலைப் பயன் என்போம். பொதுவாக ஒரு பண்டத்தின் எண்ணிக்கை கூடக்கூட அடுத்த அலகின் பயன் குறையும். தொலைபேசி இணைப்பு போன்ற வலையமைப்புகளில் இது மாறும். ஒவ்வொரு புதிய இணைப்பும் பழைய இணைப்புகள் அனைத்தின் பயனையும் கூட்டும். ஈர்ப்பு அலைக் கருவிகள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அதிலும், புதிய கருவி மற்றவற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் அமைகிறதோ அவ்வளவுக்கு அதன் மதிப்பு உயரும். அமெரிக்காவின் இரு நிலையங்களுக்கிடையே அலை கடக்க ஆகும் நேரம் அதிக அளவாகப் பத்து மில்லி விநாடி. ஹிங்கோலிக்கும் அவற்றுக்கும் இடையே இது ஏறத்தாழ முப்பத்தைந்து மில்லி விநாடியாகும். அடித்தளக்கோடு நீண்டால் கோணத்தை மேலும் நுட்பமாக அளக்கலாம் என்பது நில அளவையாளருக்கும் தெரிந்த செய்தி. ஜப்பானின் காக்ரா நிலையமும் வலையமைப்பில் உள்ளது. ஆனால், அதன் உணர்திறன் இன்னும் மற்றவற்றை எட்டவில்லை. ஆகவே இந்தியக் கருவி நான்கோடு ஐந்தாகச் சேரும் வெறும் எண்ணன்று. முழு வலையமைப்பின் பார்வையையும் கூர்மையாக்கக்கூடியது.

இந்த வாய்ப்பு நம்மைத் தேடி வந்த விதமும் கவனிக்கத்தக்கது. ஹான்ஃபோர்டில் கூடுதலாக அமைப்பதற்கென உருவாக்கப்பட்ட கருவித் தொகுதியை, உலகின் வேறொரு மூலையில் வைத்தால் பயன் பெருகும் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் கருதினர். முதலில் ஆஸ்திரேலியாவிடம் பேசினர். நிலையம் கட்டும் செலவை ஏற்க அந்நாட்டு அரசு உறுதியளிக்கவில்லை. 2011-இல் அந்த வழி மூடியது. அதற்கு முன்பே, 2009-இல் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டிருந்த இந்திய ஆய்வாளர்கள் அந்த இடத்தை நிரப்ப முன்வந்தனர். லேசர், ஆடி, ஊசல் அமைப்பு ஆகியவற்றின் முக்கியப் பாகங்களை அமெரிக்கா தரும். நிலம், கட்டடம், வெற்றிடக் குழாய்கள், நிறுவுதல், இயக்குதல் ஆகியவை இந்தியாவின் பொறுப்பு. புணேயின் வானியல், வானியற்பியல் பல்கலைக்கழக இடை மையம், காந்திநகரின் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம், இந்தூரின் ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையம், அணுசக்தித் துறையின் கட்டுமானப் பிரிவு ஆகியவை இப்பொறுப்பைப் பகிர்ந்துகொண்டுள்ளன.

கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட ஒரு வாரத்துக்குள், 2016 பிப்ரவரி 17 அன்று, மத்திய அமைச்சரவை கொள்கையளவிலான ஒப்புதலைத் தந்தது. அடுத்த மாதமே இரு நாடுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால், முழு நிதி ஒப்புதல் வந்தது 2023 ஏப்ரலில். இடையில் ஏழு ஆண்டுகள் கழிந்தன. இடத் தேர்வு, நிலம் கையகப்படுத்தல், மண் ஆய்வு என அக்காலத்தில் பணிகள் நடந்தன என்பது உண்மை. எனினும், உலக வலையமைப்பின் நான்காவது ஆய்வுத் தொடர் 2023 மே மாதம் தொடங்கி 2025 நவம்பரில் நிறைவுற்றது. இதுவரை பதிவான முந்நூறுக்கும் மேற்பட்ட அலைகளில் பெரும்பாலானவை அத்தொடரில் கிடைத்தவை. அந்த அறுவடையில் இந்தியக் கருவியின் பங்கு இல்லை. அது இயங்கத் தொடங்குவதற்கு இப்போது குறிக்கப்பட்டுள்ள இலக்கு 2030.

ரூ.2,600 கோடி என்பதைச் சற்று அளவிட்டுப் பார்ப்போம். நாட்டின் மக்கள்தொகையால் வகுத்தால் ஒருவருக்குப் பத்தொன்பது ரூபாய்க்கும் குறைவு. அதுவும் பல ஆண்டுகளுக்குப் பரவுவது. சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத் திட்டத்தின் மதிப்பீடு 119 கி.மீ. நீளத்துக்கு ரூ.63,246 கோடி. அதில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஆகும் செலவே இந்த நிலையத்துக்கு ஆகிறது. மெட்ரோ தேவையற்றது என்பது என் கருத்தன்று. இரண்டும் தேவை, ஒன்று மற்றொன்றின் வாயிலிருந்து பறிக்கப்படும் உணவு அன்று என்பதையே இந்த ஒப்பீடு காட்டுகிறது.

இருப்பினும், "பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாத நாட்டில் கருந்துளை எதற்கு?" என்ற கேள்வியை எள்ளி ஒதுக்கக் கூடாது. செலவழிக்கப்படும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு மாற்றுப் பயன் உண்டு. அதைக் கேட்பது குடிமக்களின் உரிமை. இதற்கு விடையளிக்கும் அறிவியலாளர்கள் பெரும்பாலும் துணைப் பயன்களைப் பட்டியலிடுவார்கள். வெற்றிடத் தொழில்நுட்பம், உயர்திறன் லேசர், அதிர்வுத் தடுப்பு, நுண் கட்டுப்பாட்டுக் கருவிகள், பெருந்தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றில் நம் தொழிலகங்கள் திறன் பெறும் என்பது மெய். ஆனால், இந்த வாதத்தை மட்டும் சார்ந்திருப்பது ஆபத்தானது. துணைப் பயன்தான் நோக்கமென்றால், அந்தத் தொழில்நுட்பங்களுக்கே நேரடியாக நிதி தரலாமே என்று நிதித்துறைச் செயலாளர் கேட்டால் விடை இருக்காது.

வலுவான விடை வேறிடத்தில் உள்ளது. பொதுப் பண்டம் என்பதை விளக்க, வகுப்பறையில் கலங்கரை விளக்கத்தை உதாரணம் காட்டுவது எங்கள் வழக்கம். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாதது. பயன்படுத்துவோரிடம் கட்டணம் பெறுவதும் கடினம். அடிப்படை அறிவும் அத்தகையது. அதனால்தான் சந்தை அதைப் போதிய அளவு உருவாக்குவதில்லை என்பதை ரிச்சர்ட் நெல்சன் 1959-இலும் கென்னத் ஆரோ 1962-இலும் காட்டினர். 2025-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோயெல் மோக்கிரின் ஆய்வும் இதனோடு தொடர்புடையது. ஒன்றை எப்படிச் செய்வது என்ற கைத்திறன் மட்டும் இருந்த சமூகங்களில் வளர்ச்சி தோன்றியது, பிறகு தேங்கியது. அது ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்ற அறிவும் உடன் சேர்ந்தபோதுதான் வளர்ச்சி தொடர்ந்தது என்கிறார் அவர். பொதுச் சார்பியல் கோட்பாடு உருவானபோது அதனால் காசு பெயரும் என்று எவரும் எண்ணவில்லை. இன்று நம் கைப்பேசி வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்துவதை அந்தக் கோட்பாட்டைக் கொண்டே சரிசெய்கிறோம். இல்லையேல் ஒரே நாளில் இடக்குறிப்பு பல கிலோமீட்டர் பிசகிவிடும்.

இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. சீனா 2.5 விழுக்காட்டுக்கு மேல் செலவிடுகிறது. தென்கொரியா ஏறத்தாழ 5 விழுக்காடு. 2025 ஜூலையில் மத்திய அரசு ரூ.1 லட்சம் கோடி மதிப்பிலான ஆராய்ச்சி, புத்தாக்க நிதித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது வரவேற்கத்தக்கதே. ஆனால், அது பெரும்பாலும் தனியார் துறைக்கு நீண்டகால, குறைந்த வட்டி நிதி வழங்குவதற்கானது. ஈர்ப்பு அலையை ஆராய எந்த நிறுவனமும் கடன் வாங்காது. அந்தப் பணியை அரசின் நேரடி நிதியே செய்தாக வேண்டும்.

நீண்டகால அறிவியல் முதலீட்டின் பலன் என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு தொடக்கம் உண்டு. உதகைக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவையே அச்சாகக் கொண்டு, 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கியை 1970-இல் நிறுவினார் கோவிந்த் ஸ்வரூப். அங்குப் பயின்ற அனுபவத்தோடு அவரும் அவர்தம் குழுவினரும் புணே அருகே கோடாட் கிராமத்தில் முப்பது அலைவாங்கிகள் கொண்ட மாபெரும் தொலைநோக்கியை எழுப்பினர். 2023 ஜூனில், துடிவிண்மீன்களின் சீரான துடிப்பைப் பல்லாண்டு அளந்து, மிக நீண்ட ஈர்ப்பு அலைகளின் இருப்புக்கு உலகின் பல குழுக்கள் சான்று அளித்தபோது, ஐரோப்பியக் குழுவின் ஆய்வில் கோடாட் தொலைநோக்கியின் பதிவுகளும் இடம்பெற்றன. முத்தோரையில் இட்ட விதை அரை நூற்றாண்டு கழித்து வேறொரு துறையில் பலன் தந்தது. எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்தப் பலனை முன்கூட்டி எழுதியிருக்க முடியாது.

எதிர்மாறான அனுபவமும் இங்கேயே உண்டு. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மலை, நீர், காட்டுயிர் குறித்த அச்சங்களால் மக்கள் எதிர்த்தனர், தமிழ்நாட்டு அரசும் எதிர்த்தது, திட்டம் நகரவில்லை. நியூட்ரினோ நிறைகளின் வரிசையை அறியும் அதே நோக்குடன் சீனா அமைத்த ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் பதிவுகளைத் திரட்டத் தொடங்கிவிட்டது. இதில் மக்களைக் குறை கூறுவது எளிது, அது நேர்மையாகாது. தங்கள் நிலத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதை, தங்கள் மொழியில், தொடக்கத்திலிருந்தே, கேள்விகளுக்கு இடம் கொடுத்து எவரும் சொல்லவில்லை என்ற உணர்வு ஒரு வட்டாரத்தில் வேரூன்றிவிட்டால், பிறகு எத்தனை நிபுணர் அறிக்கைகள் வந்தாலும் அது அகலாது.

இப்போது தாமதத்தின் விலைக்கு வருவோம். ஒரு பாலம் ஐந்தாண்டு தாமதமானால் அதன் பயன் ஐந்தாண்டு தள்ளிப்போகும். ஆனால், பாலத்தின் ஆயுள் குறைவதில்லை. லைகோ போன்ற கருவிக்கு அப்படியன்று. ஐரோப்பாவில் ஐன்ஸ்டைன் தொலைநோக்கி என்னும் பெயரில் நிலத்தடி நிலையமும், அமெரிக்காவில் நாற்பது கி.மீ. கைகள் கொண்ட புதிய கருவியும் திட்டமிடப்படுகின்றன. ஐரோப்பிய விண்வெளி முகமை, 25 லட்சம் கி.மீ. இடைவெளியில் பறக்கும் மூன்று விண்கலங்களைக் கொண்ட லிசா திட்டத்துக்கு 2024-இல் இறுதி ஒப்புதல் அளித்து, 2035-இல் ஏவ எண்ணியுள்ளது. அடுத்த தலைமுறை நிலக் கருவிகள் வந்தபின், இன்றைய வகைக் கருவியின் முதன்மை குறையும். எனவே ஹிங்கோலி நிலையம் தன் முழு மதிப்பைப் பெறக்கூடிய காலம் 2030-களின் பத்தாண்டே. இங்குத் தாமதம் என்பது பயனை ஒத்திப்போடுவதன்று, பயனை இழப்பது. 2030 என்பது 2035 ஆனால், செலவு அதே ரூ.2,600 கோடியாகவோ கூடுதலாகவோ இருக்கும்; கிடைப்பதோ பாதியாகும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. முதலாவதாக, இத்திட்டத்துக்கான நிதி ஆண்டுதோறும் பேரம் பேசப்படுவதாக இராமல், பல்லாண்டு ஒதுக்கீடாக உறுதி செய்யப்பட வேண்டும். கட்டுமானம் எந்த நிலையில் உள்ளது, எவ்வளவு செலவாயிற்று, அடுத்த இலக்கு எது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். தாமதம் பொதுவெளியில் பதிவானால்தான் அதற்கு யாரேனும் பொறுப்பேற்பர்.

இரண்டாவதாக, கருவியை இயக்குவோரைப் பற்றிய கவலை. கோட்பாட்டில் வல்லவர்கள் நம்மிடம் உள்ளனர். ஆடியை ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கினும் நுண்மையாக நிலைநிறுத்தும் கருவியறிஞர்கள், வெற்றிடப் பொறியாளர்கள், ஒளியியல் தொழில்நுட்பர்கள் போதிய அளவில் இல்லை. அத்தகையோரை ஒப்பந்தக் கூலியில் ஓராண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்துக்கொள்ள முடியாது. நிரந்தரப் பணியிடங்களும், பல்கலைக்கழகங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் சிறு மாதிரிக் கருவிகளும் தேவை. அமெரிக்காவில் நிதி நெருக்கடி நீடித்தால், பல்லாண்டுத் தேர்ச்சி பெற்ற கருவியறிஞர்கள் அங்கிருந்து விலக நேரலாம். அவர்களிடமிருந்து நம் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய காலமும் இதுவே.

மூன்றாவதாக, ஹிங்கோலி மராத்வாடாவின் வறட்சி மிக்க பகுதிகளுள் ஒன்று. நிலம் தந்தவர்களின் பிள்ளைகள் அந்நிலையத்தின் காவலாளிகளாக மட்டும் இருந்துவிடக் கூடாது. அவ்வட்டாரப் பள்ளிகளோடும் கல்லூரிகளோடும் நிலையம் இப்போதே உறவு கொள்ள வேண்டும். பொட்டிப்புரம் கற்பிக்கும் பாடம் அது.

ஐன்ஸ்டைனின் கணிப்புக்கும் முதல் பதிவுக்கும் இடையே நூறாண்டும், வைஸின் வரைவுக்கும் அதற்கும் இடையே நாற்பத்து மூன்று ஆண்டுகளும் கழிந்தன. இயற்கையின் புதிர் கடினமானது என்பதால் ஏற்பட்ட காத்திருப்பு அது. அதைக் குறை கூற எவராலும் இயலாது. 2016-க்கும் 2023-க்கும் இடையே கழிந்த ஆண்டுகளோ கோப்புகளின் நடையால் கழிந்தவை. முதல் வகைப் பொறுமை அறிவியலுக்கு இன்றியமையாதது. இரண்டாவது வகைக்கு இனி இடமளிக்க இந்தியாவிடம் காலம் இல்லை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).